பொம்மை, பின்சீட்டு, கரண்டு கம்பம் – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

தெருப் படங்களைப் பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என்னிடம் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸோடு வந்த பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும் ஆண்ட்ராய்டு போனும் இருக்கின்றன. ஞாயிறு காலைகளில் திருநெல்வேலி டவுன் ரதவீதிகளைச் சுற்றுவேன். எதிர்பாராமல் அமைந்து சிரிப்பு மூட்டுகிற காட்சிகள்தான் எனக்குப் பிடித்தவை. ஆனால் கேமராவைத் தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. போன வாரம் ஒருவர் துணிக்கடைப் பொம்மையை டி.வி.எஸ். 50-இல் பின்னால் உட்காரவைத்து, தன்னோடு சேர்த்துக் கயிறு கட்டிக்கொண்டு போனார். பொம்மைக்குப் பட்டுச்சேலை வேறு. எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். கலங்கலாக இருக்கிறது, பொம்மையின் தலையில் கரண்டு கம்பம் முளைத்திருக்கிறது. இதெல்லாம் அதிர்ஷ்டம்தானா? ஆளை நிறுத்தி இன்னொரு தடவை போகச் சொல்லி எடுத்தால் தப்பா? கேமராவைக் கண்டதும் “எந்தப் பேப்பர்ல வரும்?” என்று கேட்டு விறைப்பாக நின்றுவிடுகிறார்களே, அதற்கு என்ன செய்ய?

க.,
பாளையங்கோட்டை

அன்புள்ள க.,

படத்தோடு வந்த விவரங்களைப் பார்த்தேன். 55 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடினால் துளை சிறிது), ஷட்டர் (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்) 1/60 நொடி, எல்லாம் ஆட்டோ. வண்டி 25 கிலோமீட்டர் வேகத்தில் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 7 மீட்டர். 1/60 நொடியில் 11 செ.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும், பிறகு எப்படித் தெளிவாக வரும்? 1/1000 வைத்திருந்தால் அது 7 மி.மீ.யாகக் குறைந்திருக்கும். ஆட்டோவைக் குறை சொல்லிப் பயனில்லை. உங்கள் கை நடுக்கம் தெரியாத அளவுக்கு ஒரு வேகத்தை அது வைத்தது. எதிரே ஓடுவது டி.வி.எஸ்ஸா பிள்ளையார் சிலையா என்று அதற்குத் தெரியாது.

கேமராவை ஷட்டர் முன்னுரிமைக்கு (ஷட்டரை நீங்கள் வைத்தால் துளையைக் கேமராவே பார்த்துக்கொள்ளும்) மாற்றி 1/500 வையுங்கள், வண்டி ஓடும் இடமென்றால் 1/1000. ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தை உணரும் திறன்; கூட்டினால் படத்தில் புள்ளி தெறிக்கும்) ஆட்டோவில் இருக்கட்டும், உச்சவரம்பு 3200. காலை வெயிலில் 1/500-உம் எஃப் 8-உம் ஐ.எஸ்.ஓ. 125-ஐ ஒட்டிக் கிடைத்துவிடும். கடை நிழலுக்குள் போனால் 1000 ஆகலாம், கவலை வேண்டாம். புள்ளி தெறித்த படத்தைப் பார்க்க முடியும், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளை வேட்டி வெளுத்துப்போகாமல் இருக்க வெளிச்ச அளவை 0.7 குறைத்துக்கொள்ளுங்கள்.

ஃபோகஸையும் முன்னமே முடித்துவிடுங்கள். லென்ஸை 18 மி.மீ.யில் நிறுத்தி, இரண்டு மீட்டர் தள்ளி இருக்கிற ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் பிடித்து, அப்படியே ஃபோகஸைக் கையியக்கத்துக்கு மாற்றிவிடுங்கள். நிறுத்தியிருக்கும் பைக்கின் நீளம் ஏறக்குறைய இரண்டு மீட்டர், கண்ணளவுக்கு அது போதும். எஃப் 8-இல் ஒரு மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக இருக்கும். வெளிச்சம் குறைந்து ஷட்டர் முன்னுரிமையில் அபர்ச்சர் (எஃப் எண்) 4-க்கு இறங்கினால் இந்தக் கணக்கு உடையும். அப்போது மேனுவலில் போட்டு, 1/500-உம் எஃப் 8-உம் இரண்டையும் கட்டிவிட்டு, ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஓடவிடுங்கள். லென்ஸ் வளையங்கள் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டினால் பையில் உரசித் திரும்பாது. சில புது லென்ஸ்களில் கேமரா தூங்கி எழுந்தால் இந்தத் தூரம் மாறிவிடுகிறது. அவ்வப்போது ஒரு படம் எடுத்துச் சரிபாருங்கள்.

இனி அதிர்ஷ்டத்துக்கு வருவோம். உங்கள் பொம்மைக் காட்சி தெருவே நடத்திக்காட்டிய வேடிக்கை. அதைப் பார்த்த யார் எடுத்திருந்தாலும் சிரிப்பு வரும். எனக்கு அதைவிட உயர்வாகத் தோன்றுவது இன்னொரு வகை: தெருவில் ஒன்றுமே நடக்கவில்லை, நீங்கள் நின்ற இடத்தால் மட்டும் இரண்டு சம்பந்தமில்லாத பொருள்கள் ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. சுவரில் வரைந்த யானையின் தும்பிக்கை, முன்னால் போகிறவரின் குடையை வாங்கிக்கொள்வது மாதிரி. இதில் பாதி அசையாமல் நிற்கிறது. யானை நாளைக்கும் அங்கேயே இருக்கும். அந்தப் பாதியை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டால் குடைக்காரர் ஒருவருக்காகக் காத்திருப்பதுதான் வேலை. சுற்றிச்சுற்றி நடப்பவரைவிட ஒரே இடத்தில் அரை மணிநேரம் நிற்பவருக்குத் தற்செயல் அதிகம் வாய்ப்பது இதனால்தான். பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற மனிதரைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்ட்டியே-பிரெஸ்ஸோன் 1932-இல் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பின்சுவர் போஸ்டரிலும் ஒரு உருவம் பாய்ந்துகொண்டிருக்கும்.

டவுனில் அசையாத பாதிக்குப் பஞ்சமே இல்லை. தேர்தல் சுவரெழுத்து, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பூப்புனித நீராட்டுவிழா பிளக்ஸ், ஜவுளிக்கடை வாசல் பொம்மைகள், கடைப் பலகையில் அம்புக்குறி. தேர்ந்தெடுக்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். போஸ்டர் முகமும் ஆள் முகமும் ஒரே அளவில் தெரிய வேண்டுமானால், போஸ்டர் முகம் நிஜத்தைவிட எத்தனை மடங்கோ, சுவர் உங்களிடமிருந்து ஆளைவிட அத்தனை மடங்கு தூரத்தில் இருக்க வேண்டும். மூன்று மடங்கு முகம் என்றால், ஆள் இரண்டு மீட்டரில், சுவர் ஆறு மீட்டரில். ஜூம் போட்டால் இரண்டும் சேர்ந்து பெரிதாகும், விகிதம் மாறாது. காலை நகர்த்தினால்தான் மாறும். அரை அடி இடம் வலம் நகர்ந்தாலே முன்னால் இருப்பது பின்னால் இருப்பதிலிருந்து விலகிவிடும். உங்கள் கரண்டு கம்பத்துக்கும் இதுதான் மருந்து. ஆளைப் பார்ப்பதற்கு முன்பே பின்னணியில் கம்பம், ஒயர், பைக் கண்ணாடி எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவை தலையில் ஏறாத இடத்தில் நிற்க வேண்டும்.

உயரமும் அப்படியே. புகைப்படக்காரர் எலியட் எர்விட் 1974-இல் நியூயார்க்கில் எடுத்த நாய்ப் படத்தில் ஒரு பெரிய நாயின் கால்களும் ஒரு பெண்ணின் பூட்ஸும் பக்கத்தில் தொப்பி வைத்த குட்டி நாயும் மட்டுமே தெரியும். கேமரா தரையை ஒட்டி இறங்கியதால் வந்த சிரிப்பு. நின்ற உயரத்திலிருந்து எடுத்திருந்தால் நாய் கூட்டிப்போகும் அம்மா, அவ்வளவுதான்.

அடுத்து விரல். பார்த்ததும் அழுத்தினால் பிந்திவிடும். கண்ணிலிருந்து விரலுக்குச் செய்தி போகக் கால் நொடி ஆகிறது. சாதாரணமாக நடப்பவர் அதற்குள் ஓரடி தாண்டியிருப்பார். ஆகவே அவர் வந்து சேர வேண்டிய புள்ளிக்கு ஓரடி முன்னால் தரையில் ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். சாக்கடை மூடி, கல் இணைப்பு, எதுவானாலும் சரி. கால் அதைத் தொடும்போது அழுத்துங்கள். கால்கள் விரிந்திருக்கும் கணம் வேண்டும். ஒன்றையொன்று கடக்கும் கணத்தில் எடுத்தால் ஒற்றைக்காலர் ஆகிவிடுவார். மூன்று நான்கு படம் தொடர்ச்சியாக எடுப்பதில் குற்றமில்லை. ஆனால் அதை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள்.

வெயில் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில உண்டு. சூரியன் உதித்து ஒன்றரை மணிநேரத்தில் ஆளின் நிழல் அவரைவிட இரண்டரை மடங்கு இருக்கும். நிழலை வைத்து விளையாட அதற்குமேல் தாமதிக்க வேண்டாம். நேர்மாறாக, சித்திரை பிறப்பை ஒட்டிய நாட்களிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியானம் பன்னிரண்டே கால் வாக்கில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். எல்லோரும் கேமராவை உள்ளே வைக்கிற நேரம், மாடியிலிருந்து நேர் கீழே பார்த்து எடுத்தால் குடைகள் மட்டும் நடந்துபோகும். ஆனி, ஆடிக் காற்று இன்னொரு கொடை: வேட்டி, முந்தானை, பிளக்ஸ் எதுவும் சொன்னபடி கேட்காது. 1843-இல் திறந்த சுலோசன முதலியார் பாலத்தில் சாயங்காலம் கொக்கிரகுளம் பக்கம் நடைபாதையில் நின்று ஜங்ஷனைப் பார்த்தால் சூரியன் எதிரே இறங்கும். வருகிறவர்கள் கறுப்பு உருவங்களாகத் தெரிவார்கள். வானத்துக்கு வெளிச்சம் அளந்து, ஒரு உருவம் இன்னொன்றில் ஒட்டாத கணத்துக்குக் காத்திருங்கள்.

போனில் எடுப்பதானால் சுருக்கமாக: லென்ஸைத் துடையுங்கள். பின்னணியை மங்கலாக்கும் போர்ட்ரெய்ட் மோடும் எச்.டி.ஆரும் வேண்டாம். எச்.டி.ஆர். பல படங்களை ஒன்றாக ஒட்டுவதால் ஓடுகிறவருக்கு மூன்று கால் வந்துவிடும். புரோ மோடில் ஷட்டர் 1/500. சத்தக் குறைப்பான் பட்டனால் அழுத்துங்கள், திரையைத் தட்டும்போது போன் ஆடும்.

ஆளை மறுபடி போகச் சொல்லலாமா? சொல்லலாம், கலியாண ஆல்பத்துக்கு. தெருப்படம் என்று போட்டால் பொய். 1950-இல் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ரொபேர் துவானோ எடுத்த பாரிஸ் முத்தப் படத்தைத் தற்செயல் என்று உலகமே நம்பியது. 1990-களில் நீதிமன்றம் வரை போனபிறகுதான் அந்த ஜோடியை நிற்கவைத்து எடுத்தது தெரிந்தது. படம் அழகுதான், ஆனால் இப்போது அதைப் பார்க்கும்போது கண் எதையோ தேடுகிறது. இன்றைக்குக் கரண்டு கம்பத்தை ஏ.ஐ. அழிப்பானால் எடுப்பதும் எனக்கு இதே கணக்குதான். ஓரத்தை வெட்டிக்கொள்ளுங்கள், உள்ளே கை வைக்காதீர்கள்.

“எந்தப் பேப்பர்?” என்பவரிடம் ஒளிய வேண்டியதில்லை. “பேப்பர் இல்ல அண்ணாச்சி, சும்மா தெருவப் படம் புடிக்கேன்” என்று சொல்லி, அவர் நிற்கிறபடியே ஒன்று எடுத்துக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழியுங்கள். அதே இடத்தில் பதினைந்து நிமிடம் நின்றால் தெருவுக்கு நீங்கள் சலித்துப்போவீர்கள், பிறகு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சிரிப்பு பொருத்தத்தின் மேல் விழ வேண்டும். ஒருவரின் உடம்பு, வறுமை, குடி, தூக்கம் மேல் விழுந்தால் படத்தை வெளியிடாதீர்கள். தாமிரபரணியில் குறுக்குத்துறை படித்துறையில் குளிக்கிறவர்கள் பக்கம் கேமராவே திரும்பக்கூடாது. கோவிலுக்குள் கைபேசி கூடாது என்று 2022-இல் உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது, ஆகவே நெல்லையப்பர் கோவிலை வெளிவீதியோடு வைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லையப்பர் ஆனித் தேருக்குப் படம் எடுக்க நினைத்தால் முதல் நாளே தெருமுனை வீடுகளில் மாடிக்குக் கேட்டுவையுங்கள். தேர் திரும்பும் முனையில்தான் நெடுநேரம் நிற்கும், முகங்கள் கிடைக்கும். கீழே நின்றால் வடத்துக்கு உள்ளே போகாதீர்கள், தேர்ச் சக்கரத்துக்குச் சறுக்குக்கட்டை போடுகிறவர்களின் வழியிலும் நிற்காதீர்கள். திரும்பிப் பார்க்க அவர்களுக்கு நேரமிருக்காது.