ஊருக்கு பேஸ்பால் அணி வரட்டும், கடன் யார் தலையில்?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான்: ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாண்டுக்கு மேஜர் லீக் பேஸ்பால் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) அணி வருமா, வரலாமா. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்ட்லாண்ட் டைமண்ட் புராஜெக்ட் என்ற குழு 2018-லிருந்து வெளிப்படையாக இதற்கு முயன்று வருகிறது. வில்லமெட் ஆற்றங்கரையில் சைடல் யார்ட்ஸ் என்ற பழைய கப்பல் பட்டறை நிலத்தை ஸ்டேடியத்துக்காகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். 2025-ல் ஆரிகன் சட்டமன்றம் இதற்காக 80 கோடி டாலர் வரை கடன் பத்திரம் வெளியிட அனுமதி கொடுத்தது. மற்றபடி அணி இன்னும் கிடைக்கவில்லை. லீக் கடைசியாகப் புது அணிகளைச் சேர்த்தது 1998-ல், அதற்குப் பிறகு 30 அணிகள்தான். அடுத்து யாரைச் சேர்ப்பார்கள் என்று பல ஊர்கள் காத்திருக்கின்றன. யூட்டா மாநிலம் சால்ட் லேக் சிட்டிக்காக 2024-லேயே 90 கோடி டாலர் வரை ஒதுக்க வழி செய்துவிட்டது.

“வீரர்கள் கட்டும் வருமான வரியை வைத்தே கடனை அடைத்துவிடுவார்கள், நம் பையிலிருந்து ஒரு காசு போகாது என்கிறார்கள். நம்பலாமா?” (பீவர்ட்டன் வாசகர்)

யோசனை நல்ல யோசனைதான், அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஆரிகனில் விற்பனை வரியே கிடையாது, அதனால் மற்ற ஊர்களில் செய்வதுபோல் மளிகைக் கடை பில்லில் கொஞ்சம் கொஞ்சமாக வசூலிக்க இங்கே வழியில்லை. 2003-ல் மாண்ட்ரியல் எக்ஸ்போஸ் அணி வேறு ஊர் தேடிக்கொண்டிருந்தபோது 15 கோடி டாலருக்கு இப்படி ஒரு சட்டம் போட்டார்கள். எக்ஸ்போஸ் வாஷிங்டனுக்குப் போய்விட்டது, சட்டம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. அதைத்தான் இப்போது 80 கோடியாக உயர்த்தியிருக்கிறார்கள். அணி வராவிட்டால் கடனும் இல்லை. வெளியூர் அணி வீரர்கள் இங்கே விளையாடும் நாட்களுக்கான சம்பளத்துக்கும் வரி உண்டு. அதுவும் இதே கணக்கில் வரும்.

ஆனால் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 80 கோடி டாலரை 5 சதவீத வட்டியில் 30 வருஷத்தில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு சுமார் 5 கோடியே 20 லட்சம் டாலர் கட்ட வேண்டும். அணியின் மொத்தச் சம்பளம் 20 கோடி டாலர் என்று தாராளமாகவே வைப்போம். எல்லா வீரர்களும் ஆரிகனிலேயே குடியிருந்து, மொத்தச் சம்பளத்துக்கும் உச்ச விகிதமான 9.9 சதவீதம் கட்டினாலும் வருவது 2 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. வெளியூர் அணிகளிடமிருந்து ஏறக்குறைய இன்னொரு கோடி. ஆக 3 கோடி. நிர்வாக ஊழியர்கள் வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், வருஷத்துக்கு வருஷம் சம்பளம் ஏறும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அப்போதும் ஆரம்ப வருஷங்களில் பெரிய பள்ளம் விழுகிறது. ஒன்று, தொடக்கத்திலேயே முழு 80 கோடியையும் திரட்ட முடியாது. இல்லாவிட்டால் வேறு எங்கிருந்தோ பணம் வந்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். அந்த ‘வேறு எங்கிருந்தோ’ எது என்பதை ஒப்பந்தத்தில் எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். கட்டுமானச் செலவு ஏறினால் யார் பொறுப்பு என்பதையும் அப்படியே. நான் இந்த விவாதத்தில் பிடிவாதமாக நிற்பது இந்த ஒரே இடத்தில்தான்: லாபம் உரிமையாளருக்கு என்றால் நஷ்டமும் அவருக்குத்தான் என்று ஒப்பந்தம் சொல்ல வேண்டும்.

மியாமியில் இதைச் செய்யாமல் விட்டார்கள். 2012-ல் திறந்த ஸ்டேடியத்துக்குச் சுமார் 63 கோடி டாலர் செலவு, அதில் பெரும்பகுதி பொதுப்பணம். கடன் பத்திரங்களை வட்டியைத் தள்ளித் தள்ளி வைத்து வடிவமைத்ததால் 2048 வரை மாவட்ட நிர்வாகம் கட்டவேண்டிய மொத்தத் தொகை சுமார் 240 கோடி டாலர். ஸ்டேடியம் திறப்பதற்கு முந்தைய வருஷமே, இதனாலும் வரி உயர்வாலும் மாவட்ட மேயர் கார்லோஸ் ஆல்வரெஸை மக்கள் வாக்கெடுப்பில் பதவியிலிருந்து இறக்கினார்கள். உரிமையாளர் 2017-ல் அணியை 120 கோடி டாலருக்கு விற்றுவிட்டுப் போனார். கடன் மட்டும் ஊரிலேயே இருக்கிறது.

“சவுத் வாட்டர்ஃபிரண்ட் பக்கம் உணவகம் வைத்திருக்கிறேன். ஒரு சீசனுக்கு 81 ஆட்டம் என்றால் என் வியாபாரத்துக்கு நல்லதுதானே? நீங்கள் எல்லாம் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?” (போர்ட்லாண்ட் வாசகர்)

குறுக்கே நிற்கவில்லை ஐயா. ஸ்டேடியத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் கடை இருந்தால் ஆட்ட நாட்களில் உங்களுக்குக் கூட்டம் வரும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊர் முழுவதற்கும் வருமானம் கூடும் என்று சொல்லிப் பொதுப்பணம் கேட்கிறார்களே, அதுதான் வேறு கதை. ஒரு குடும்பம் மாதத்துக்கு வெளியே சாப்பிட, படம் பார்க்க, சுற்ற என்று ஒரு தொகை வைத்திருக்கிறது. அணி வந்துவிட்டது என்பதற்காகச் சம்பளம் கூடிவிடாது. வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கினால் ஹாதார்ன் தெருவில் சாப்பிடப் போவது நின்றுவிடும். பணம் ஊருக்குள்ளேயே இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் என்ற பொருளாதார நிபுணர்கள் 1997-ல் தொகுத்த ஆய்வு இதை விரிவாகச் சொன்னது. அதற்குப் பிறகு வந்த பெரும்பாலான ஆய்வுகளும் அதே முடிவுக்குத்தான் வந்தன. சேலத்திலிருந்தும் (நம் சேலம் இல்லை, ஆரிகன் தலைநகர்) வாஷிங்டன் மாநிலத்து வான்கூவரிலிருந்தும் வருகிறவர்கள் கொண்டுவரும் பணம் புதுப் பணம்தான், ஆனால் அதை மட்டும் நம்பி இவ்வளவு பெரிய கடனை நியாயப்படுத்த முடியாது.

உங்களுக்காகத் தனியாக ஒன்று. இப்போதெல்லாம் உரிமையாளர்கள் ஸ்டேடியம் மட்டும் கட்டுவதில்லை, சுற்றிலும் உணவகம், ஹோட்டல், அலுவலகம், வீடு என்று ஒரு பேட்டையே கட்டி வாடகையும் அவர்களே வாங்குகிறார்கள். அட்லாண்டா பிரேவ்ஸ் பேஸ்பால் அணி 2017-ல் பக்கத்து மாவட்டமான காப் கவுண்டிக்கு மாறியபோது, சுமார் 30 கோடி டாலர் கவுண்டி போட்டது, பக்கத்திலேயே எழுந்த பேட்டரி அட்லாண்டா வளாகம் அணியின் கையில். ரசிகர் அங்கேயே வண்டியை நிறுத்தி, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயிருந்து ஆட்டத்துக்குப் போய்விடுகிறார். அதனால் அணி வரும் என்ற நம்பிக்கையில் இப்போதே பெரிய இடத்துக்கு நீண்ட கால லீஸ் எழுதிவிடாதீர்கள். வளாகத் திட்டம் வெளியாகட்டும், எத்தனை கடைகள் வெளி ஆட்களுக்கு என்று பாருங்கள், அப்புறம் முடிவெடுங்கள். வருஷத்தில் மீதி 284 நாளும் கடை ஓட வேண்டும் இல்லையா.

“நாங்கள் குடும்பத்தோடு ஓக்லாண்ட் அத்லெட்டிக்ஸ் ரசிகர்கள். அணி போனதிலிருந்து மனசே ஆறவில்லை. ஊர் இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்திருந்தால் தங்கியிருப்பார்களோ?” (ஃப்ரீமாண்ட் வாசகி)

உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரிகிறது அம்மா. 1968-லிருந்து 57 சீசன், நான்கு வேர்ல்ட் சீரிஸ் (லீக் சாம்பியன்) கோப்பைகள். 2024 செப்டம்பர் 26 அன்று கொலீசியத்தில் கடைசி ஆட்டம் முடிந்தபோது 46,000-க்கும் மேற்பட்டோர் நிரம்பியிருந்தார்கள். ரசிகர் இல்லாததால்தான் போனோம் என்று யாராவது சொன்னால் அந்த நாளைக் காட்டுங்கள். அதற்கு முந்தைய வருஷம் ஜூன் 13 அன்று 27,000-க்கும் மேற்பட்டோர் திரண்டு ‘அணியை விற்றுவிடு’ என்று உரிமையாளரைப் பார்த்துக் கத்தினார்கள். அதே வாரம் நெவாடா அரசு லாஸ் வேகாஸ் ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை கொடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது.

ஓக்லாண்ட் ஒன்றும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. ஹவர்ட் டெர்மினல் துறைமுகத்தில் இடம் பார்த்து, சாலைக்கும் பாலத்துக்கும் நிதி தேடிப் பல வருஷம் ஓடினார்கள். பிரச்சனை எங்கே என்றால், அணிகள் 30, கேட்கும் ஊர்கள் அதைவிட அதிகம். எத்தனை அணி இருக்கலாம் என்பதைத் தீர்மானிப்பவர்களும் அந்த 30 உரிமையாளர்களே. ஏகபோகத் தடைச் சட்டம் பேஸ்பாலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 1922-ல் சொன்னது இன்றுவரை பெரும்பாலும் நிற்கிறது. இந்த நிலையில் எந்த ஊர் எவ்வளவு கொடுத்தாலும் இன்னொரு ஊர் அதற்கு மேல் கொடுக்கும்.

ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அணி கையில் இல்லாமலேயே ஸ்டேடியம் கட்டி 1990-ல் திறந்தது. அது பேஸ்பால் அணி இல்லாமல் கிடந்த காலம் முழுக்க மற்ற ஊர் உரிமையாளர்கள் அதைக் காட்டியே தங்கள் ஊரைப் பயமுறுத்தினார்கள். சிகாகோ ஒயிட் சாக்ஸ் அப்படித்தான், அது கட்டி முடியும் முன்பே, 1988-ல் இல்லினாய் சட்டமன்றத்திடம் புது ஸ்டேடியம் வாங்கியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு சொந்த அணி வந்தது 1998-ல்தான். போர்ட்லாண்டும் சால்ட் லேக்கும் இன்று இன்னொரு ஊரை மிரட்டப் பயன்படும் பெயர்களாக ஆகிவிடக்கூடாது என்பது என் கவலை.

உங்கள் அணி இப்போது மேற்கு சாக்ரமெண்டோவில், சின்ன லீக் ஆட்டங்களுக்குக் கட்டிய மைதானத்தில் ஆடுகிறது. வீரர்களின் அறைகள் அவுட்ஃபீல்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன, ஆட்டம் முடிந்தால் மைதானத்தைக் கடந்து நடந்து போகிறார்கள். போய்ப் பார்க்க வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் மனசைப் பொறுத்தது, போவதில் துரோகம் எதுவும் இல்லை.

“ஸ்டேடியம் என்றாலே ஏழைகள் வீட்டை இடிப்பார்கள் என்று பயமாக இருக்கிறது.” (கிரெஷம் வாசகி)

பயத்துக்குக் காரணம் உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் சாவேஸ் ரவீன் பகுதியில் கடைசியாக இருந்த மெக்ஸிகோ வம்சாவளிக் குடும்பங்களை 1959-ல் போலீஸ் வைத்து வெளியேற்றிய நிலத்தில்தான் டாட்ஜர் ஸ்டேடியம் நிற்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், போர்ட்லாண்டிலேயே ஆல்பைனா பகுதியில் மெமோரியல் கொலீசியத்துக்காகக் கறுப்பின மக்கள் நிறைய வாழ்ந்த நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். ஆனால் சைடல் யார்ட்ஸ் அப்படி இல்லை, அங்கே கப்பல் உடைத்தார்கள், பிறகு 2017 வரை சரக்குப் படகு கட்டினார்கள், குடியிருப்பு கிடையாது. அங்கே கேட்க வேண்டிய கேள்வி மண்ணைச் சுத்தம் செய்யும் செலவும், ஏற்கெனவே நெரிசலான அந்தக் குறுகலான கரைக்கு பல்லாயிரம் பேர் எப்படி வந்து போவார்கள் என்பதும்தான்.

“மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினால் என்ன?” (டைகார்ட் வாசகர்)

நடத்த வேண்டும் என்பதுதான் என் கருத்து. சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் பொதுப்பண ஸ்டேடியத்தை வாக்காளர்கள் திரும்பத் திரும்ப மறுத்தார்கள். கடைசியில் உரிமையாளர்களே பணம் போட்டுக் கட்டுகிறோம் என்று வந்தபோது 1996-ல் சம்மதித்தார்கள், 2000-ல் திறந்த அந்த ஸ்டேடியம் இன்றும் நாட்டின் அழகான மைதானங்களில் ஒன்று. மறுத்ததால் அணி போய்விடவில்லை. மறுபக்கமும் சொல்ல வேண்டும்: சியாட்டிலில் 1995-ல் மக்கள் மிகக் குறைந்த வித்தியாசத்தில் வேண்டாம் என்றார்கள், சில வாரங்களிலேயே சட்டமன்றம் வேறு வழியில் நிதி கொடுத்துவிட்டது. மிசௌரியின் ஜாக்சன் கவுண்டியில் 2024 ஏப்ரலில் ராயல்ஸ் (பேஸ்பால்), சீஃப்ஸ் (அமெரிக்க ஃபுட்பால்) அணிகளுக்கான விற்பனை வரியைச் சுமார் 58 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். ஜூனிலேயே பக்கத்து மாநிலமான கான்சாஸ் அந்த அணிகளை இழுக்கச் சட்டம் போட்டது.

“என் பெண் ஐந்து வருஷமாக சாஃப்ட்பால் ஆடுகிறாள். இந்த வாதமெல்லாம் எனக்குப் புரியவில்லை, ஊரில் ஒரு அணி வேண்டும் என்று ஆசைப்படுவது தப்பா?” (ஹில்ஸ்பரோ வாசகி)

தப்பே இல்லை. கோடைகால சாயங்காலத்தில் சொந்த ஊர் அணிக்காகப் பெண்ணோடு உட்கார்ந்து கத்துவது பெரிய சந்தோஷம், அதைப் பணத்தில் அளக்கவும் முடியாது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ‘வேலைவாய்ப்பு பெருகும், ஊர் செழிக்கும்’ என்று சொல்வதற்குப் பதிலாக ‘எங்களுக்கு ஆட்டம் பிடிக்கும், அதற்காக இவ்வளவு வரை கொடுக்கத் தயார்’ என்று அரசியல்வாதிகள் பேசினால் விவாதம் எவ்வளவோ நேர்மையாக இருக்கும். அதுவரை உங்கள் ஊரிலேயே ஹாப்ஸ் என்ற சின்ன லீக் பேஸ்பால் அணி ஆடுகிறது, அழைத்துப் போங்கள்.

“நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். ஓட்டு இல்லை. நான் பேசி என்ன ஆகும்?” (போர்ட்லாண்ட் வாசகர்)

ஓட்டு இல்லாவிட்டாலும் வரி கட்டுகிறீர்கள், வாடகை கட்டுகிறீர்கள், டிராஃபிக்கில் நீங்களும்தான் நிற்கப் போகிறீர்கள். 2025 ஜனவரியிலிருந்து போர்ட்லாண்ட் நகரக் கவுன்சிலில் 12 பேர், நான்கு மாவட்டங்கள், மாவட்டத்துக்கு மூன்று பேர். அவர்கள் பொது விசாரணையில் பேசக் குடியுரிமை கேட்பதில்லை. எழுத்திலும் அனுப்பலாம். ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன் என்று மட்டும் எழுதினால் எண்ணிவிட்டு வைத்துவிடுவார்கள். வரி வருமானம் குறைந்தால் யார் கட்டுவது, செலவு ஏறினால் யார் கட்டுவது, கடன் தீரும் முன் அணி வெளியேறினால் எவ்வளவு அபராதம், அணியை விற்றால் லாபத்தில் ஊருக்குப் பங்கு உண்டா என்று கேள்வியாகக் கேளுங்கள், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்றும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் மாவட்டத்து மூன்று உறுப்பினர்களுக்கும் தனித்தனியாக அனுப்புங்கள், வரும் பதிலை எங்களுக்கும் அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறோம்.