12 ஆண்டு விஸ்கியைப் பத்தாண்டு பூட்டி வைத்தால் 22 ஆகுமா?

கேள்வி: பணி ஓய்வு பெறப்போகும் மூத்த சகா ஒருவருக்கு விஸ்கி பரிசளிக்க நினைக்கிறேன். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. கடையில் சிங்கிள் மால்ட், பிளெண்டட், பர்பன், ரை என்று ஏகப்பட்டது இருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது? ஆண்டு கூடக் கூடத் தரமும் கூடுமா? அவர் அதைத் திறக்காமல் பத்தாண்டு வைத்திருந்தால் இன்னும் சிறப்பாக மாறுமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாறாது. விஸ்கிக்கு வயது ஏறுவது மரப் பீப்பாய்க்குள் இருக்கும்வரைதான். கண்ணாடிக்குள் போன அன்றே வயது நின்றுவிடும். லேபிளில் 12 என்று போட்டிருந்தால், அதில் கலந்திருக்கும் விஸ்கிகளில் இளையதுகூட 12 ஆண்டு மரத்துக்குள் இருந்தது என்று பொருள். அலமாரியில் இன்னும் பத்தாண்டு வைத்தாலும் அது 12 ஆண்டு விஸ்கிதான். சில ஒயின்கள் பாட்டிலுக்குள்ளும் முதிரும் என்பதால் பலருக்கும் இந்தக் குழப்பம் வருகிறது.

வடித்தெடுத்த புது விஸ்கியைப் பார்த்தால் தண்ணீர் போல நிறமே இல்லாமல் இருக்கும். அது எப்படி அந்த நிலைக்கு வருகிறது என்று தெரிந்தால் லேபிளில் உள்ள பாதிச் சொற்கள் தாமாகவே புரிந்துவிடும்.

மூலப்பொருள் தானியம். பார்லியை ஊறவைத்து முளைவிடச் செய்வார்கள். முளைக்கும்போது தானியத்துக்குள் உருவாகும் நொதிகள்தான் பிறகு மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அப்படியே விட்டால் வளரும் பயிரே அந்தச் சத்தைத் தின்று தீர்த்துவிடும். அதனால் சரியான நேரத்தில் சூடேற்றி உலர்த்தி முளையை நிறுத்துவார்கள். இப்படி முளைகட்டி உலர்த்திய பார்லிக்குத்தான் மால்ட் என்று பெயர். உலர்த்தும்போது பீட் என்ற சதுப்பு நிலத்து மக்குக்கரியை எரித்தால் அதன் புகை தானியத்தில் ஏறிக்கொள்ளும். ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகள் பலவற்றில் மூக்கைத் துளைக்கும் மருந்து நெடி இப்படித்தான் வருகிறது.

மால்ட்டை அரைத்து, ஏறக்குறைய 65 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் கலந்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஈஸ்ட் சேர்த்து இரண்டு முதல் நான்கு நாள் புளிக்கவைத்தால் 7 முதல் 9 சதவீதம் ஆல்கஹால் உள்ள ஊறல் தயார். ஹாப்ஸ் என்ற கசப்புப் பூ போடாத பீர் என்றே அதைச் சொல்லலாம்.

அப்புறம் வடித்தல். மால்ட் விஸ்கிக்கு, அடி பருத்துக் கழுத்து நீண்ட செம்புப் பானைக் கலங்கள். பொதுவாக இரண்டு முறை வடிப்பார்கள். அயர்லாந்தில் பல இடங்களில் மூன்று முறை. செம்பைப் பயன்படுத்துவது அழகுக்காக இல்லை, ஆவியில் உள்ள கந்தகச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்ளும். கடைசி வடிப்பில் முதலில் வருவதை ‘தலை’ என்றும் கடைசியில் வருவதை ‘வால்’ என்றும் ஒதுக்கிவிட்டு, நடுவில் வருவதை மட்டுமே பீப்பாய்க்கு எடுப்பார்கள். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கைவண்ணம் இருக்கிறது.

இன்னொரு வழி, இடைவிடாமல் வடித்துக்கொண்டே இருக்கும் உயரமான தூண்கலம். அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்த ஈனியஸ் காஃபி 1830இல் இதன் மேம்பட்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய நாட்டு வடிசாலைகள் பெரும்பாலும் அதைச் சீண்டவில்லை, ஸ்காட்லாந்துக்காரர்கள் வாரி அணைத்துக்கொண்டார்கள். கோதுமை, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து லேசான விஸ்கியை மலிவாக எடுக்க அது உதவியது. மால்ட் விஸ்கியோடு இதைக் கலந்து செய்யும் பிளெண்டட் விஸ்கி உலகைப் பிடித்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இனி பீப்பாய். சுவையின் பெரும்பகுதி இதிலிருந்துதான் வருகிறது என்பதே இந்தத் துறையில் பலரின் கணிப்பு, என்னுடையதும் அதுதான். ஓக் மரப் பலகைகளை உள்பக்கம் தீயில் வாட்டும்போது மரத்தின் சேர்மங்கள் உடைந்து வெனிலா, தேங்காய், கருகிய சர்க்கரை வாசனைகள் பிறக்கின்றன. அமெரிக்கச் சட்டப்படி, பர்பன் என்ற அந்நாட்டு விஸ்கியை உள்ளே கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். எனவே ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மறுபடி உதவாது. அவை கப்பலேறி ஸ்காட்லாந்து போகின்றன. ஸ்காட்ச்சில் பெரும்பங்கு பர்பன் இருந்த பீப்பாயில்தான் முதிர்கிறது. ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் வைத்தால் உலர்திராட்சை, அத்திப்பழச் சாயல் வரும்.

பீப்பாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போவதை ‘தேவதைகளின் பங்கு’ என்பார்கள். ஸ்காட்லாந்தின் குளிரில் இது ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம். வெப்ப நாடுகளில் பல மடங்கு. வெயில் ஏற ஏற, விஸ்கி மரத்தின் சாரத்தை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதனால் சூடான ஊரில் ஐந்து ஆண்டில் வருகிற முதிர்ச்சி, குளிர் ஊரில் வர அதைவிட நீண்ட காலம் பிடிக்கலாம். அதிக நாள் வைத்தால் மரத்தின் துவர்ப்பு மற்றதையெல்லாம் அமுக்கிவிடும் ஆபத்தும் உண்டு. ஆகவே ஆண்டு கூடினால் விலை கூடும். தரமும் கூடவே ஏறும் என்று யாரும் உறுதி தர முடியாது. நிறத்தையும் நம்ப வேண்டாம். ஸ்காட்ச்சில் கேரமல் நிறமி சேர்க்கச் சட்டமே அனுமதிக்கிறது.

சரி, வகைகளுக்கு வருவோம். ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதில் சிங்கிள் மால்ட் என்றதும் ஒற்றைப் பீப்பாய் என்று நினைத்துவிடுகிறார்கள். ‘சிங்கிள்’ என்பது ஒரே வடிசாலை என்பதைத்தான் குறிக்கும். அந்த வடிசாலையின் பல பீப்பாய்கள் அதில் கலந்திருக்கும். பிளெண்டட் ஸ்காட்ச் என்பது மால்ட் விஸ்கியும் பிற தானிய விஸ்கியும் சேர்ந்த கலவை. பிளெண்டட் என்றாலே மட்டம் என்று முகம் சுளிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எத்தனையோ விஸ்கிகளைச் சேர்த்து ஒவ்வொரு ஆண்டும் அதே சுவையைக் கொண்டுவருவது லேசுப்பட்ட வேலையா என்ன?

அயர்லாந்தின் தனி முத்திரை ‘சிங்கிள் பாட் ஸ்டில்’. மால்ட்டோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்து வடிப்பது. மால்ட்டுக்கு வரி போட்ட காலத்தில் அதைத் தவிர்க்கப் பிறந்த வழி இது என்பார்கள். நாக்கில் வழவழப்பாக இருக்கும்.

பர்பனுக்குத் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் வேண்டும். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, அமெரிக்காவுக்குள் எங்கே செய்தாலும் சரி. டென்னசி விஸ்கி ஏறக்குறைய அதேதான், பீப்பாய்க்குப் போகுமுன் மேப்பிள் மரக்கரி வழியே வடிகட்டுவார்கள். அமெரிக்க ரையில் குறைந்தது 51 சதவீதம் ரை தானியம் இருக்கும், காரமான சுவை. கனடாவிலோ ரை தானியம் கொஞ்சமே இருந்தாலும் ‘ரை’ என்று போட்டுக்கொள்ளலாம். ஜப்பானியப் பாணி ஸ்காட்லாந்தின் பிள்ளை. 1918இல் அங்கே போய்த் தொழில் கற்றுவந்த மசடகா டாகெட்சுருவின் துணையோடுதான் 1923இல் யமசாகி வடிசாலை உருவானது.

உங்கள் சகாவின் ருசி தெரியாது என்றால், பீட் புகை தூக்கலான பாட்டிலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதைப் பிடித்தவர்களுக்கு உயிர், பிடிக்காதவர்கள் இரண்டாவது மிடறு குடிக்க மாட்டார்கள். பர்பன் அல்லது ஷெர்ரி பீப்பாயில் முதிர்ந்த, 10 அல்லது 12 ஆண்டு சிங்கிள் மால்ட் பாதுகாப்பான தேர்வு. சோடாவோ ஐஸோ சேர்த்துக் குடிப்பவர் என்றால் நல்ல பிளெண்டட் போதும். சிங்கிள் மால்ட்டின் நுணுக்கம் அதில் கரைந்துபோகும். ஆண்டு எண்ணே இல்லாத பாட்டிலையும் ஒதுக்க வேண்டாம், பல வயது விஸ்கிகளைக் கலந்தவர்கள் எண்ணைப் போடாமல் விட்டிருக்கலாம்.

கொடுக்கும்போது இதையும் சொல்லிவிடுங்கள்: பாட்டிலை ஒயின் போலப் படுக்கவைக்கக் கூடாது. விஸ்கியின் ஆல்கஹால் தக்கையை அரித்துவிடும். நிமிர்த்தி, வெயில் படாத இடத்தில் வைத்தால் திறக்காத பாட்டில் பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். திறந்து, அடியில் கொஞ்சமே மிஞ்சியிருந்தால் உள்ளே புகுந்த காற்று சில மாதங்களில் வாசனையை மங்கடித்துவிடும். அந்த மிச்சத்தைச் சின்ன பாட்டிலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.