நிறுத்தி வைச்ச விம்முக்குப் புதுக் கோப்பு குடுக்கிறது

தம்பி, கண்ட்ரோல்-இசட் அடிச்சு விம் எண்ட எழுத்து எடிட்டரை நிறுத்திப்போட்டு, நிறுத்தினதைத் திரும்ப முன்னுக்குக் கொண்டுவாற எஃப்ஜி (fg) கட்டளையோட புதுக் கோப்புப் பேரையும் சேர்த்து அடிச்சால் "அப்பிடி ஒரு ஜாப் இல்லை" எண்டு பாஷ் (நீங்கள் அடிக்கிற கட்டளைகளை வாங்கி ஓட்டுற ஷெல்) சொல்லுது எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஜாப் எண்டால் பாஷ் ஓட்டுற, இல்லாட்டி நிறுத்தி வைச்சிருக்கிற புரோகிராம். எஃப்ஜிக்குப் பின்னால வாறதை பாஷ் ஜாப் இலக்கமாயோ ஜாப் பேராயோதான் எடுக்கும். புரோகிராமுக்கு ஆர்கியூமென்ட் (கோப்புப் பேர் மாதிரி, கட்டளையோட சேர்த்துக் குடுக்கிறது) போறது அது தொடங்கேக்கை ஒருக்கா மட்டும்தான். நித்திரையிலை கிடக்கிறதை எழுப்பேக்கை புதுசா ஒண்டும் குடுக்க ஏலாது.

வெறும் எஃப்ஜி அடிச்சு உள்ளுக்குப் போங்கோ. பிறகு முக்காற்புள்ளி, ஆங்கில e, ஒரு இடைவெளி, கோப்புப் பேர் எண்டு அடியுங்கோ. முந்தின கோப்பைச் சேமிக்காட்டி விம் மறிக்கும், அதை முதல்ல சேமியுங்கோ. ஒண்டைக் கவனியுங்கோ: வெளியில நீங்கள் சீடி (cd) கட்டளை அடிச்சு வேற ஃபோல்டருக்குப் போயிருந்தாலும் விம் பழைய ஃபோல்டரிலைதான் நிக்கும். முழுப் பாதையையும் குடுத்தால் பிழைக்காது.

ஈமாக்ஸ் எண்ட மற்ற எடிட்டரைப் பாவிக்கிற ஆக்களுக்கு இது லேசு. அதை டீமனா, அதாவது பின்னணியிலை, ஓடவிட்டு ஈமாக்ஸ்கிளையன்ட் எண்ட கட்டளை மூலம் கோப்பை அனுப்பலாம்.

யாழ்ப்பாணத்திலை இருந்து எஸ்எஸ்எச்சில (தூரத்துக் கணினிக்குள்ள போற வழி) தூரத்து சேர்வருக்குப் போறனீங்கள் எண்டால், லைன் அறுந்தாலும் வேலையை சேர்வரிலை ஓடவிட்டு வைக்கிற டிமக்ஸுக்குள்ள வேலை செய்யுங்கோ. எனக்கு ஒருக்கா கரண்ட் போய் லைன் அறுந்து, நிறுத்தி வைச்ச விம்மும் போட்டுது. சேமிக்காத எழுத்தை விம் தானா எழுதி வைக்கிற ஸ்வாப் கோப்பிலை இருந்துதான் மீட்டனான்.