தேங்காய் முளையத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ பட்டைகள் தெளிவாக வருகின்றன, மைக்ரோ ஆர்.என்.ஏ 156 (மற்ற ஜீன்களை அடக்கும் ஒரு குட்டி ஆர்.என்.ஏ) மட்டும் ஏன் அகப்படவில்லை?

பிரைமரை (தேடும் ஆர்.என்.ஏயில் ஒட்டும் குறுகிய டி.என்.ஏ துண்டு) குறை சொல்வதற்கு முன், ஆர்.என்.ஏயை வீழ்படிவாக்கப் போட்ட இலித்தியம் குளோரைட்டைப் பாருங்கள். 2.5 மோலரில் இரவு முழுக்க வைத்து வீழ்படிவை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது சுமார் 200 நியூக்கிளியோதைட்டு (எழுத்து) நீளத்துக்கு மேற்பட்ட ஆர்.என்.ஏயைத்தான் ஒழுங்காகக் கீழே இறக்கும். 156 போன்ற 20, 21 எழுத்து நீளமுள்ளவை மேலே நின்ற திரவத்தோடு சிங்க்கில் போய்விட்டன. ரைபோசோம் பட்டை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்த இழப்பை அது காட்டிக்கொடுக்காது.

அந்தப் படியை விட்டுவிடுங்கள். முளையத்தில் ஒட்டிய தேங்காய்ப் பருப்பைச் சுரண்டி எடுத்தபின் திரவ நைதரசனில் அரையுங்கள். எண்ணெய் மிஞ்சினால், பின்னர் குளோரோபோம் சேர்க்கும்போது திரவ அடுக்குகள் பிரியாமல் பால்போல் நிற்கும். கொழும்பின் ஈரக் காற்றில் திறந்த குப்பிக்குள் பனி படிந்து தூள் இளகிவிடும், இளகியதும் கலத்தின் சொந்த நொதியங்களே ஆர்.என்.ஏயைத் தின்னும். ஆகவே குளிரூட்டிய மூடிய குழாயிலேயே நிறுங்கள். 100 மில்லிகிராமுக்கு 65 பாகை சூட்டில் 1 மில்லிலீற்றர் கரைசல் போதும்: சி.டி.ஏ.பி (கலச்சவ்வைக் கரைக்கும் சவர்க்காரம்) 2%, பி.வி.பி (பீனோல்களைப் பிடிப்பது) 2%, உப்பு 2 மோலர், கடைசி நிமிடத்தில் பீட்டா மெர்கப்டோஎதனோல் 2%. 10 நிமிடம் வைத்து, குளோரோபோமும் ஐசோஅமைல் மதுசாரமும் 24:1 கலவையில் இரண்டு தடவை பிரித்தெடுங்கள். பிறகு பத்தில் ஒரு பங்கு 3 மோலர் சோடியம் அசற்றேற்று, இரண்டரைப் பங்கு குளிர் எதனோல், மறை 20 பாகையில் ஓர் இரவு. டி.என்.ஏயும் கூடவே இறங்கும், அதை வெட்டும் டிஎன்ஏஸ் நொதியம் போட மறக்கவேண்டாம். சிலிக்கா குழல் பாவிப்பவர்கள் எதனோலை ஒன்றரைப் பங்காகக் கூட்டாவிட்டால் சிறு ஆர்.என்.ஏயை இழக்கும் இதே கதைதான்.

சரிபார்க்க 15% பொலிஅக்ரிலமைட், 7 மோலர் யூரியா ஜெல் ஓட்டுங்கள். சிறு ஆர்.என்.ஏ தங்கியிருந்தால் 70 முதல் 90 எழுத்து நீளத்தில் டி.ஆர்.என்.ஏ (அமினோ அமிலம் சுமக்கும் ஆர்.என்.ஏ) தடிப்பாகத் தெரியவேண்டும்.

பிரைமரில் ஒரு பொறி உண்டு. 156, அதன் நெருங்கிய உறவான 157 இரண்டின் கடைசி ஆறு எழுத்துகளும் ஒன்றே, ஜி ஏ ஜி சி ஏ சி. கொண்டை வடிவ பிரைமர் பிடிப்பதே அந்த ஆறைத்தான். ஆகவே இரண்டையும் பிரிப்பது, மற்ற முனைப் பக்கத்து எழுத்துகளைப் பார்க்கும் முன்பிரைமரின் வேலை. பொலி ஏ (ஏ எழுத்துகளாலான) வால் சேர்க்கும் கிட்டுகளை நான் பரிந்துரைப்பதில்லை: தாவரங்களில் ஹென்1 நொதியம் 3' நுனியில் மெதைல் ஒட்டிவிடுவதால் வால் சரியாகப் பிடிக்காது.

இனி, நீங்கள் கொழும்புப் புறக்கோட்டையில் வாங்கிய முற்றிய தேங்காய். அரபிடொப்சிஸ் என்ற சிறு ஆய்வுச் செடியில், மைக்ரோ ஆர்.என்.ஏக்களை வெட்டி உருவாக்கும் டி.சி.எல்1 ஜீனின் விகாரம் முளையத்தை உருண்டைக் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறது. 156 இல்லாமற்போய், அது அடக்கிவைக்கும் எஸ்.பி.எல்10, எஸ்.பி.எல்11 ஜீன்களின் தூதுவ ஆர்.என்.ஏக்கள் 150 மடங்குக்கு மேல் ஏறுவதை 2010 இல் நொடைனும் பார்ட்டலும் காட்டினார்கள். வித்து முதிரும்போது எழவேண்டிய ஜீன்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்கின்றன. அந்தக் கோளாறு தொடங்குவது எட்டுக் கலக் கட்டம் அளவில். உங்கள் கையிலிருப்பதோ 12 மாதக் காய், தண்டு நுனி ஏற்கெனவே உருவான முளையம். அதில் 156 இருக்கிறதா என்று அளக்கலாம், ஆரம்ப வளர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லமுடியாது. தெருவோரச் செவ்விளநீரும் உதவாது, வயது தெரியாத காய் அது. பாளை விரிந்த திகதி குறித்த குலையாக ஒரு தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள்.