தெரிந்த சொல்லிலேயே தவறுகிறதே, ஏன்?

கேள்வி: நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். வெளிநாட்டில் பட்டப்படிப்புச் சேர்க்கைக்காக அமெரிக்காவின் எஸ்.ஏ.டி. தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். இரண்டாயிரம் ஆங்கிலச் சொற்களை அட்டைகளில் எழுதி மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனாலும் மாதிரித் தேர்வுகளில், பத்தியில் வரும் சொல்லுக்குப் பொருள் கேட்கும் கேள்விகள் பாதிக்கு மேல் தவறிவிடுகின்றன. தவறுவதெல்லாம் எனக்குத் தெரிந்த சொற்கள்! ‘நீ தமிழில் யோசிக்கிறாய், அதுதான் காரணம்’ என்று பயிற்சி ஆசிரியர் சொல்கிறார். உண்மையா?
– ஒரு மாணவி, கோயம்புத்தூர்

பதில்: அன்பு மகளே, உன் கடிதத்தில் என்னை வருத்தியது அந்தக் கடைசி வரிதான். அதற்கே முதலில் பதில் சொல்கிறேன். தமிழில் யோசிப்பது குறை அல்ல.

இந்த வரியைப் படித்துப் பார். ‘அப்பா சொன்னபடி மாடிப்படியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன், கீழே பாட்டி இரண்டு படி அரிசி அளந்துகொண்டிருந்தாள்.’ இதில் ‘படி’ நான்கு முறை வருகிறது, நான்கும் வேறு வேறு. நீ எங்கும் தடுமாறியிருக்க மாட்டாய். அரிசியும் மாடியும் பக்கத்தில் நின்று பொருளைக் காட்டிக்கொடுத்துவிட்டன. எஸ்.ஏ.டி. உன்னிடம் கேட்பது இதே வேலையைத்தான். தமிழில் ஒரு சொல்லை நூறு வாக்கியங்களில் சந்தித்திருக்கிறாய். ஆங்கிலச் சொல்லையோ ஓர் அட்டையில், ஒரே ஒரு பொருளோடு சந்தித்தாய். அந்தப் பொருளைப் பத்தியின் மேல் திணிக்கிறாய். தெரிந்த சொல்லில் தவறு வருவது இதனால்தான்.

‘டெம்பர்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். உன் அட்டையில் ‘கோபம்’ என்று இருக்கும். ஒரு பத்தி இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்: ‘முடிவுகள் நன்றாக வந்தபோதும் அந்த ஆய்வாளர் தம் உற்சாகத்தை டெம்பர் செய்துகொண்டார்; அவர் சோதித்தது பன்னிரண்டு செடிகளை மட்டுமே.’ கோபப்படுத்தினார், உறுதியாக்கினார், மறைத்தார், மட்டுப்படுத்தினார் என்று நான்கு விடைகள். முதலாவது அட்டைப் பொருள். இரண்டாவது, எஃகைப் பதப்படுத்துவதற்கும் இதே சொல் உண்டு என்று அறிந்தவர்களுக்கு வைத்த வலை. உண்மையான ஆபத்து மூன்றாவதில் இருக்கிறது. ‘உற்சாகத்தை மறைத்தார்’ என்பது வாக்கியத்தில் அழகாகப் பொருந்துகிறது. நல்ல மாணவர்களும் இங்கேதான் விழுகிறார்கள். ஆனால் யாரிடமிருந்து மறைத்தார்? பத்தியில் அதற்கு ஒரு சொல்கூட இல்லை. பன்னிரண்டு செடிகளை வைத்துப் பெரிதாகச் சொல்ல முடியாது என்ற காரணம் மட்டுமே இருக்கிறது. ஆகவே மட்டுப்படுத்தினார். விடை வாக்கியத்தில் பொருந்தினால் போதாது, அதற்கான சாட்சி பத்தியிலேயே இருக்க வேண்டும்.

இனி நீ செய்ய வேண்டியது இது. கணினித் திரையில் இடப்பக்கம் பத்தியும் வலப்பக்கம் கேள்வியும் விடைகளும் இருக்கும். விடைகளைக் கையால் மறைத்துக்கொள். பத்தியை முழுவதும் படி. 150 சொற்களைத் தாண்டாது. அந்தச் சொல் இருக்கும் இடத்தை வெற்றிடமாக நினைத்து, நீயே ஒரு சொல்லைப் போடு. அது தமிழ்ச் சொல்லாகவே இருக்கட்டும்! ‘குறைத்துக்கொண்டார்’ என்று உன் மனம் சொன்னால் அதைத் தாளில் குறித்துவிட்டு, பிறகு கையை எடு. விடைகளை முதலில் பார்த்தவர்களுக்கு நான்குமே நியாயமாகத் தோன்றும். தன் சொல்லோடு போகிறவளுக்கு அந்தக் குழப்பம் பெரும்பாலும் வராது.

நிறுத்தக்குறிகளையும் கவனி. முக்காற்புள்ளி வந்தால், முன்னால் சொன்னதைப் பின்னால் விளக்கப்போகிறார்கள் என்று பொருள். ‘ஆனால்’, ‘இருந்தபோதிலும்’ போன்றவை வந்தால் பேச்சு திரும்புகிறது. இதைப் பலர் இலக்கணப் பாடம் என்று ஒதுக்கிவிடுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. பாதிக் கேள்விகளின் சாவி அங்கேதான் தொங்குகிறது.

இரண்டு விடைகள் கடைசிவரை போட்டியிட்டால் சொல்லின் சாயலைப் பார். சிக்கனத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் உள்ள தூரம் உனக்குத் தெரியும். பத்தி ஒருவரைப் புகழ்கிறதா, குறை சொல்கிறதா என்பதே அங்கே தீர்ப்பு. கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியிலேயே ‘மிகத் துல்லியமான’ சொல் எது என்றுதான் கேட்கிறார்கள்.

அட்டைகளைக் குப்பையில் போடச் சொல்லவில்லை. 2016-ல் தேர்வை மாற்றியபோது, அரிய சொற்களைக் கொண்டு கோடிட்ட இடம் நிரப்பும் பழைய கேள்விகளை நீக்கினார்கள். 2023-ல் நம் நாடு உட்பட அமெரிக்காவுக்கு வெளியே கணினித் தேர்வு வந்தபோது, கோடிட்ட இடம் புதிய வடிவில் திரும்பி வந்தது. சற்றுக் கடினமான சொற்களும் கூடவே வந்தன. எனவே சொல்வளம் வேண்டும். ஆனால் ஒவ்வோர் அட்டையின் பின்புறமும் அகராதியின் மூன்றாம், நான்காம் பொருள்வரை போய், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியம் எழுது. இரண்டாயிரத்துக்கும் இதைச் செய்ய முடியாது. நீ தவறவிட்ட சொற்களுக்குச் செய்தால் போதும்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலப் பிரிவில் ஒரு பகுதிக்கு 32 நிமிடங்கள், 27 கேள்விகள். இந்தச் சொற்கேள்விகள் பகுதியின் தொடக்கத்திலேயே வருவதால், பதற்றத்தில் ஒன்றிலேயே மூன்று நிமிடம் உட்கார்ந்துவிடுவார்கள். ஒரு நிமிடத்தில் முடியாவிட்டால் ஒரு விடையைத் தேர்ந்து, குறியிட்டு வைத்துவிட்டு நகர்ந்துவிடு. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை.

இந்த வாரம் புதிய மாதிரித் தேர்வு எதுவும் எழுதாதே. ஏற்கெனவே தவறிய கேள்விகளை எடுத்து, விடைகளை மறைத்து, ஒவ்வொன்றுக்கும் உன் சொல்லைத் தமிழிலேயே எழுதிப் பார். பத்தியின் எந்த இடம் அந்தச் சொல்லைக் கொடுத்தது என்று அடிக்கோடும் இடு. எத்தனை சரியாக வந்தன என்று எனக்கு மறுபடியும் எழுது, காத்திருப்பேன்.