சட்டாம்பிள்ளை சீமைக்குப் போன கதை

அன்புள்ள ஐயா,

மகன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு இங்கிலாந்திலிருந்து திரும்பியிருக்கிறேன். பேரன் படிப்பது ஒரு ‘சர்ச் ஆஃப் இங்கிலாந்து’ ஆரம்பப் பள்ளி. மாலையில் அவனை அழைத்துவருவது என் வேலை. பழைய கட்டடத்தின் முகப்பில் ‘நேஷனல் ஸ்கூல்’ என்று கல்லில் வெட்டியிருக்கிறது. சர்ச் பள்ளிக்கு ஏன் இந்தப் பெயர்? கட்டணமும் கிடையாது, ஆசிரியர் சம்பளம் அரசுப் பணம் என்கிறான் மகன். இன்னொன்று. வாசலில் காத்திருக்கும் ஒரு பெரியவர், நான் தமிழ்நாடு என்று சொன்னதும், “இந்தப் பள்ளிகள் எல்லாம் மெட்ராஸ் முறையில் தொடங்கியவை” என்றார். நம் திண்ணைப் பள்ளியைத் திருடிக்கொண்டு போய்த்தான் அவர்கள் படித்தார்களா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

அந்தப் பெரியவர் சொன்னது சரி. ‘திருடி’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது.

ஆண்ட்ரூ பெல் ஸ்காட்லாந்துக்காரர், செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊர் நாவிதர் ஒருவரின் மகன், பாதிரியார். 1787இல் மெட்ராஸ் வந்தார். 1789இல் எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்காகத் தொடங்கிய விடுதிப் பள்ளிக்குக் கண்காணிப்பாளர் ஆனார். பையன்களில் பெரும்பாலோர் வெள்ளைக்காரத் தகப்பனுக்கும் இந்தியத் தாய்க்கும் பிறந்தவர்கள். ஒருநாள் காலை குதிரையில் போகும்போது, ஒரு திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். காகிதம் வேண்டாம், மை வேண்டாம், தப்பானால் ஒரு தடவு தடவினால் போச்சு. தன் பள்ளி ஆசிரியர்களிடம் இதைச் செய்யச் சொன்னார். முடியாது என்றார்கள். பெல் பிடிவாதக்காரர். ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிப்பாய் மகனைக் கூப்பிட்டு, சின்னவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவனிடம் விட்டார். பையன் செய்துகாட்டினான். அவ்வளவுதான், படித்த பையன் படிக்காத பையனுக்குச் சொல்லிக்கொடுப்பது பள்ளி முழுவதற்கும் விதியாயிற்று.

நமக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது? அண்ணாவி, அதாவது ஆசிரியர், வருவதற்குள் பாடம் ஒப்பிக்க வைக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளையை நம் தாத்தாக்கள் காலம்வரை எல்லோருக்கும் தெரியும். பல்லாரி கலெக்டர் காம்ப்பெல் 1823இல் எழுதிய அறிக்கையிலேயே, இந்நாட்டுப் பள்ளிகளில் பெரிய மாணவர்கள் சிறியவர்களுக்குக் கற்பிக்கும் முறை மெச்சத்தக்கது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று ஒப்புக்கொள்கிறார். மறைத்தால்தானே திருட்டு? பெல் தன் முறைக்கு ‘மெட்ராஸ்’ என்றே பெயர் வைத்தார்.

அவர் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் தன் சோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆல்ட்கேட் பகுதியின் செயின்ட் பொட்டால்ஃப் தர்மப் பள்ளி அந்த முறையை எடுத்துக்கொண்டது. ஆல்ட்கேட் என்றதும் ஒரு கிளைக்கதை சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே பகுதியில் சர் ஜான் காஸ் என்ற செல்வந்தர் 1710இல் 50 பையன்களுக்கும் 40 பெண் பிள்ளைகளுக்கும் ஒரு பள்ளி தொடங்கியிருந்தார். 1718இல் புதிய உயிலில் கையெழுத்திட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தம் கக்கி இறந்தார், இறகுப் பேனா ரத்தத்தில் நனைந்தது என்பது மரபு. பாதி உயில் செல்லுமா என்று வழக்கு முப்பது வருடம் நடந்து, 1748இல்தான் அறக்கட்டளை நிலைத்தது. அவர் நினைவு நாளில் பிள்ளைகள் சிவப்பு இறகு அணிவது வழக்கமாயிற்று. ஆனால் காஸ் அடிமை வியாபாரம் செய்த ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் பொறுப்பில் இருந்தவர். அதனால் 2020இல் பள்ளி அவர் பெயரைக் கைவிட்டு, வெறும் ‘ஆல்ட்கேட் பள்ளி’ ஆகிவிட்டது. இன்றும் அது சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆரம்பப் பள்ளிதான்.

சரி, ‘நேஷனல்’ விஷயத்துக்கு வருகிறேன். பெல்லின் முறையை ஒத்த ஒன்றை ஜோசப் லங்காஸ்டர் என்ற இளைஞரும் (சர்ச் ஆஃப் இங்கிலாந்தில் சேராத குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்) லண்டனில் நடத்திவந்தார். அவர் பள்ளியில் எல்லாச் சபைப் பிள்ளைகளும் படிக்கலாம், சர்ச்சின் ஞானோபதேசம் கிடையாது. ஏழைப் பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடுவார்கள் என்று சர்ச்சுக்குப் பயம் வந்தது. 1811இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். ஏழைகளுக்கு அரசுத் திருச்சபையின் கொள்கைப்படி கல்வி அளிக்கும் தேசியச் சங்கம் என்பது அதன் நீண்ட பெயரின் சாரம். அந்தச் சங்கத்தின் பள்ளி ‘நேஷனல் ஸ்கூல்’. நாட்டின் பள்ளி என்று அர்த்தமல்ல, எங்கள் திருச்சபைதான் நாட்டின் திருச்சபை என்ற உரிமைக்குரல். அரசு முதன்முதலாகக் கல்விக்குப் பணம் கொடுத்ததே 1833இல்தான், 20,000 பவுண்டு. அதையும் இந்தச் சங்கமும் லங்காஸ்டர் தரப்புச் சங்கமும் பிரித்துக்கொண்டன.

இப்போது என் குறையைச் சொல்லிவிடுகிறேன். திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குக் கை உதவி. பிள்ளைகள் சிலர், ஒவ்வொருவனும் தன் வேகத்தில் போவான். (எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அந்தத் திண்ணையில் உட்கார முடியவில்லை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.) இங்கிலாந்தில் அது ஆலை ஆயிற்று. ஒரே கூடம், ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசைக்கு ஒரு மானிட்டர். செலவு குறைவு, அதுதான் கவர்ச்சி. அதிகம் படித்தால் உடலுழைப்புக்குப் பிறந்தவர்களின் மனம் கெட்டுவிடும் என்று பெல்லே எழுதியிருக்கிறார். போனது நம் திண்ணைப் பள்ளியல்ல, அதில் மலிவாகக் கிடைத்த ஒரு துண்டு.

மானிட்டர் முறை சில பத்தாண்டுகளில் மங்கிவிட்டது, பள்ளிகள் மட்டும் நிலைத்தன. 1862இல் தேர்ச்சிக்குத் தக்க மானியம் வந்தது. வாசிப்பு, எழுத்து, கணக்கு, இவற்றில் ஒன்றில் ஒரு பிள்ளை தவறினால் பள்ளிக்கு 2 ஷில்லிங் 8 பென்ஸ் நஷ்டம். தலைமையாசிரியர் தினக்குறிப்பு எழுத வேண்டும் என்பதும் அப்போது வந்ததே. உங்கள் பேரன் பள்ளியின் குறிப்பேடு இருந்தால், பெரும்பாலும் மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கும். பார்க்கச் சொல்லுங்கள்.

1870 சட்டம் சர்ச் பள்ளி எட்டாத இடங்களில் வரிப்பணத்தில் வாரியப் பள்ளிகளைக் கொண்டுவந்தது. 1902இல் சர்ச் பள்ளிக்கும் உள்ளூர் வரிப்பணம் போனது. பிற சபையார் வரி கட்ட மறுத்துச் சிறைக்குப் போனார்கள். 1944 சட்டத்தில் இரண்டு வழி வைத்தார்கள். ஒன்றில் கட்டடச் செலவில் பாதி சர்ச்சுடையது (இன்று பத்தில் ஒரு பங்கு), அதற்கு ஈடாக நிர்வாகக் குழுவில் சர்ச் ஆட்களே பெரும்பான்மை. மற்றதில் செலவு முழுக்க அரசுடையது, சர்ச்சுக்குச் சில இடங்கள் மட்டும். சம்பளம் இரண்டிலுமே அரசுப் பணம். நம் ஊர் அரசு உதவிபெறும் பள்ளி தெரிந்த உங்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது. அங்கே இன்றும் நாலில் ஒரு ஆரம்பப் பள்ளி சர்ச்சுடையது.

அடுத்த முறை போகும்போது பேரனை லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு அழைத்துப் போங்கள். பெல்லை அங்கேதான் அடக்கம் செய்திருக்கிறார்கள். நினைவுக் கல்லில் ‘மெட்ராஸ்’ என்ற பெயர் இருக்கிறது. ஒருவருக்கொருவர் கற்பிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் என்றும் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் நீங்கள் கோபப்படலாம்.