பனைமரம் ஏன் குள்ளமானது?

கேள்வி: எட்டாம் வகுப்பு மகள் பனையருகே 2 மீட்டர் கம்பை வைத்து, செல்போனில் படமெடுத்து, விகிதம் போட்டாள். உயரம் 8 மீட்டர் வந்தது. நிழல் கணக்கிலோ 11. எது சரி?
- வாசகர், மண்டபம்

பதில்: நிழலை நம்பலாம், கம்பின் நிழலையும் அதே நேரத்தில் சமதரையில் அளந்திருந்தால். வடிவொத்த முக்கோண விதியில் பிழையில்லை, போன் அண்ணாந்திருக்கிறது. கிட்ட நின்று போனைச் சாய்த்தால் உச்சி தூரமாகிச் சுருங்கும், அடி பெருக்கும்.

உங்கள் ஊரில் ரசமட்டமே தேவையில்லை, கடல் இருக்கிறதே! மரத்துக்குப் பின்னால் கடல் தெரியும்படி 20 மீட்டர் தள்ளி நிற்கட்டும். தொடுவானம் படத்தின் சரிபாதி உயரத்தில் கிடையாக விழுந்தால் போன் நேராக இருக்கிறது. கீழே தரை நிறைய வீணாகும், பரவாயில்லை. அகலக்கோண லென்ஸ் வேண்டாம், ஓரங்களை இழுத்துவிடும்.

கம்பு மரத்தை ஒட்டியே நிற்க வேண்டும். 2 மீட்டர் முன்னால் நட்டால் கம்பு பெரிதாகத் தெரிந்து, மரத்தில் ஒரு மீட்டர் காணாமல் போகும். படத்தை ஏ4 தாளில் அச்சிட்டு ஸ்கேலால் அளக்கட்டும்: கம்பு 20 மி.மீ., மரம் 110 மி.மீ. என்றால் 5.5 மடங்கு, அதாவது 11 மீட்டர். கம்பை அளப்பதில் 1 மி.மீ. தவறினாலே அரை மீட்டர் மாறும்.

இன்னொன்று: தரை சமமாக இருந்தால், தொடுவானம் மரத்தை வெட்டும் இடம் கேமராவின் உயரமேதான். போனை 1.5 மீட்டரில் பிடித்தால் கம்பே வேண்டாம். காற்றில் சாய்ந்த மரத்தை மட்டும் தவிர்க்கவும்.